தேயிலைத் தே

காலையில் கதவைத் திறந்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது, மச்சான். அழுகிய இலையும் செம்மண்ணும் கலந்த வாடை. மேல்மலையில் மழை கொட்டி, தண்ணீர் கீழே வந்து சேருவதற்கு முன்னால் வருமே, அது. எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். உன் தங்கச்சி உள்ளேயிருந்து, "நிக்கிறதுன்னா கதவ அடைச்சிட்டு நில்லுங்க, குளிருது" என்று சத்தம் போட்டாள். கதவை அடைத்துவிட்டு வந்து பேனாவை எடுத்தேன். இந்தக் கொஞ்ச வரிகளை எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும். நான் உனக்கு எழுதுகிறேன்! எழுத்தறிவு வகுப்புக்கு நான் முதல் நாள் கிளம்பியபோது என்ன சொன்னாய்? "பாத்து மாப்ள, வாத்தியாரம்மா முட்டி போடச் சொன்னா திரும்ப எந்திரிக்க முடியாது." அன்றைக்கு லயமே சிரித்தது.

கொச்சியில் வேலை பார்க்கும் உன் பேத்தி லீவுக்கு வந்தபோதுதான் அந்த விளையாட்டைச் சொன்னாள். காட்டிலோ மலையிலோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தைப் போனில் குறித்துவிடுவார்களாம். தேடிக் கண்டுபிடிக்கிறவர் உள்ளே இருக்கும் தாளில் பேர் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். ஜியோகேச்சிங் என்று பேர். "சாராய ஊறலத்தான் இப்பிடி ஒளிச்சு வைப்பாய்ங்க" என்றாய் நீ. நமக்காகவே எஸ்டேட்டுக்குக் கீழே உள்ள அருவிப் பள்ளத்தில் அவள் ஒன்றை ஒளித்துவைத்தாள். எப்படித் தேடுவது என்று என் போனுக்குத் தமிழில் எழுதியும் அனுப்பினாள். "தாத்தா, முழுசா படிச்சிட்டு அப்புறமா கால எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். வீட்டிலேயே படித்துவிடலாம் என்றேன். அங்கே போய்ப் படித்தால்தான் ஆட்டம் என்று நீ விடவில்லை.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினோம். வேரைப் பிடித்து, பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து, செங்குத்தாக இறங்குகிற வழி. காலில் அட்டை ஏறியதைக்கூடக் குனிந்து பார்க்க முடியவில்லை. அடியில் இரண்டு அருவிகளுக்கு நடுவே ஆறு கொஞ்ச தூரம் சமமாக ஓடுகிறது. அங்கே போனோம். போனில் இருந்த அம்பு அக்கரையைக் காட்டியது.

"என்ன எழுதியிருக்கா? படி" என்றாய்.

அருவித் தூவானம் கண்ணாடியை நனைத்துக்கொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்துப் படித்தேன். "ஆற்... றைத்... தாண்... டா..."

அடுத்த எழுத்தில் நின்றுவிட்டேன். இரட்டைக் கொம்பு. அதுதான் எனக்கு எப்போதும் எதிரி. கொம்பு முன்னால் வந்து நிற்கும், அதற்குரிய எழுத்து பின்னால் வரும். கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு எழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்தேன். நீ காத்திருக்கவில்லை.

"தாண்டாவா! என் பேத்தி என்னையே டா போட்டு எழுதுறாளா? இருக்கட்டும், வரட்டும்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் கல்லாகத் தாவினாய்.

கொம்பும் எழுத்தும் சேர்ந்தபோது நீ அக்கரைப் பாறையில் நின்றுகொண்டிருந்தாய்.

"தாண்டாதே மச்சான்! பின்னாடி ஒரு தே இருக்கு!"

"என்ன தே?"

"தேயிலைத் தே!"

நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாய். அப்போதுதான் வந்தது அந்த வாடை. உனக்கும் வந்திருக்கிறது, சிரிப்பு பாதியில் நின்றது. தண்ணீரில் சருகு வந்தது. அதன் பின்னால் செம்மண் நிறம் ஒரு கோடாக வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீ மிதித்துப் போன கற்கள் ஒவ்வொன்றாக முழுகின. உனக்குப் பின்னால் சுவர் போலப் பாறை. முன்னால் ஆறு. நீ வேட்டியை இன்னும் இறுக்கிக் கட்டினாய். தாவப் போகிறாய் என்று தெரிந்துவிட்டது. கீழே அடுத்த அருவி, மச்சான். வழுக்கினால் அவ்வளவுதான்.

"தாவாத! இன்னும் ரெண்டு வரி இருக்கு!"

எத்தனையோ வருஷமாக நான் சொன்ன எதையும் நீ முழுதாகக் கேட்டதில்லை. பேச்சுக்கு நடுவே புகுந்து முடித்துவிடுவாய். அன்றைக்கு நின்றாய். தண்ணீர் உன் பாதத்தைத் தொட்டது. அருவிச் சத்தத்துக்கு மேலே உன் குரல் வந்தது.

"படி மாப்ள. மெதுவாவே படி. நான் எங்கயும் போகல."

விரல் ஈரத்தில் எழுத்து மேலே போய்விட்டது, கீழே போய்விட்டது. பிடித்து நிறுத்தினேன். "மே... லே... குழாய்ப்... பாலம் வழி... யாக வா. நா... வல் மரத்... துக்குப் பின்... னால் படி..."

"மரத்துக்குப் பின்னால படி!" என்று கத்தினேன்.

"பின்னால போயி நான் என்னத்தடா படிக்க? நீ படி!"

"கல்லுப் படி மச்சான்! ஏறுற படி!"

திரும்பிப் பார்த்தாய். பாறையோடு ஒட்டி நின்ற நாவல் மரத்தின் பின்னால் நுழைந்தாய். பிறகு உன்னைக் காணவில்லை. நீ நின்ற பாறையையும் காணவில்லை.

நான் இந்தக் கரையில் எப்படி மேலே ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. எஸ்டேட் தண்ணீர்க் குழாயைத் தாங்கி நிற்கும் அந்த இரும்புப் பாலத்தில் நின்று உன்னைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அக்கரைப் புதர் அசைந்தது. முதலில் ஒரு பச்சை டப்பா வெளியே வந்தது, அதற்குப் பின்னால் நீ.

"வழியிலயே வேருக்குள்ள வச்சிருக்கா கழுத" என்றாய். முழங்கால் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. பாலத்தில் உட்கார்ந்து தாளை எடுத்தோம். நான் என் பேரை எழுதப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல என் பேர எழுது" என்றாய். எழுதினேன். கோணலாக வந்தது. நீ அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுல எங்கயும் கொம்பு இல்லையே?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "நல்ல பேராத்தான் வச்சிருக்காய்ங்க" என்றாய்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சில் சளி கட்டி, தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தேறிவிட்டாய், இரண்டொரு நாளில் பஸ் ஏற்றிவிடுவோம் என்றார்கள். லயத்தில் போன் சரியாக எடுக்காது என்பதால் உன் பேத்தி எழுதித்தான் அனுப்புவாள். அன்றைக்கும் அனுப்பினாள். 'தாத்தா' என்பது பார்த்ததும் தெரிகிற சொல். அடுத்தது இ. அதற்கடுத்து ற. அங்கேயே என் மனசு உன்னைப் போல முந்திக்கொண்டது. இறங்கிட்டாங்க! குடையை எடு என்று உன் தங்கச்சியிடம் சொன்னேன். மச்சான் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டான், உலை வை என்றேன். அப்புறம்தான் மூன்றாவது எழுத்தைப் பார்த்தேன். அது ங் இல்லை. ந்.

அந்தச் செய்தி போனில்தான் இருக்கிறது. சின்னச் சொற்களை இப்போது ஒரே பார்வையில் படித்துவிடுகிறேன் மச்சான், நீ பார்த்தால் அசந்துபோவாய். ஆனால் அந்த ஒன்றை மட்டும் எழுத்தெழுத்தாகத்தான் படிக்கிறேன். இ. பிறகு ற. அங்கே நிறுத்திக்கொள்கிறேன். நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்டக்டரிடம் ஏதோ வம்பு பேசியபடி, பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறாய்.