எருமை இறங்கும் கரை

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. ஷூ முழுக்கச் சேறு. சுண்ணாம்புக்குளம் ஊரைத் தாண்டி மேய்ச்சல் தரை, நடுவே ஏரிக்குப் போகும் சின்ன ஓடை. அதன் நிலைமையைப் பார்த்து எழுதுவதுதான் இந்த வார வேலை. கரை இரண்டு பக்கமும் சரிந்து கிடக்கிறது. புல் மொட்டை. எங்கும் குளம்புத் தடம், சாணி. தண்ணீர் ஒரே கலங்கல். "தினசரி மேய்ச்சல், கடுமையான சேதம்" என்று எழுதினேன்.

கூட வந்த எங்கள் ஆபீஸ் சார் உச்சுக்கொட்டினார். "இந்தக் குப்பத்து ஜனங்களுக்கு எவ்ளோ சொன்னாலும் ஏறாதும்மா."

சிரித்துவைத்தேன். நானும் இந்தக் குப்பம்தான் என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது. பொன்னேரி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஓடைக்குள் எருமைகள், மேய்க்க ஆளில்லை. பார்த்ததுமே தெரிந்தது, சித்தி வீட்டு எருமைகள். அந்த நேரம் பார்த்து அவளே இறால் கூடையோடு வந்தாள். தூரத்திலிருந்தே கத்தல்: "இன்னாடி இப்டி எளச்சிப் பூட்ட? துன்னியா?"

சார் திரும்பினார். "தெரிஞ்சவங்களா?"

"இல்ல சார். வேற யாரோன்னு நெனச்சிட்டாங்க."

அவள் காதில் விழுந்தது. கூடையை மறு இடுப்புக்கு மாற்றினாள். பிறகு, "ஆமா மேடம், எங்க வூட்டுப் பொண்ணு மாதிரியே கீறீங்க, அதான்" என்று சொல்லிவிட்டு எருமைகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

சீ, நானெல்லாம் ஒரு மனுஷி.

பிப்ரவரி 4, புதன்

வெயில். வாங்க வேண்டியது: டேப், பேட்டரி, கால்வலி மாத்திரை.

சோறு வடிக்கும்போது சுரீர் என்றது. நேற்று எங்கள் ஊருக்குப் பாடு! ஏரியில் ஊருக்கு ஊர் முறை வைத்துத்தானே வலை போடுகிறார்கள், அந்த முறைதான் பாடு. எங்கள் முறை வரும் நாளில் ஆம்பளைகள் மொத்தமும் தண்ணீரில், பெண்கள் இறாலோடு மார்க்கெட்டில். எருமையை அவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்கள், அதுவும் பக்கத்து ஓடையில் போய் விழும். மற்ற நாளில் சித்தப்பா தூரத்துக் குளத்துக்கு ஓட்டிப்போவார். பிறந்ததிலிருந்து பார்க்கும் விஷயம். நானே பாடு நாளில் போய் நின்று, தினசரி என்று எழுதியிருக்கிறேன். மண்டையில் மூளையா களிமண்ணா?

சாரிடம் சொல்லணும். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பார். போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஊர்க் கூட்டம், பள்ளிக்கூட வராண்டாவில். டீ ஆறிப்போய். தினசரி மேய்ச்சல் என்று மேடம் எழுதியிருப்பதாகச் சார் படித்தார், அதனால் ஓடையோரம் கம்பி வேலி, மாடு எருமை இனி இறங்கக் கூடாது.

சித்தப்பா எழுந்தார். "கோடைல நாங்க ஓட்டிப்போற தூரத்துக் கொளம் வத்திப்பூடும் சார். இந்த ஓடைய வுட்டா நல்ல தண்ணி எங்க கீது? மீதி எல்லாம் உப்பு. எருமைய வித்துட்டுத்தான் போவணும். இப்ப நாங்க வுட்றது பாடு அன்னிக்கி மட்டும்தான்."

"பாடுன்னா?" சார் என்னைப் பார்த்தார். "உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?"

"தெரியலையே சார்."

சொன்னது நான்தான். இந்த வாய்தான்.

"இன்னாது, தெரியலயா? ஏய், உங்க நைனா..." என்று சித்தப்பா பாய்ந்துவிட்டார். சித்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். என் பக்கம் பார்க்கவேயில்லை.

"மேடம் எழுதினது கரெக்ட்டு சார். தினிக்குமேதான் வுட்றோம். வேலிய போட்டுக்குங்க."

என் வேலை போய்விடக் கூடாதென்று எருமைக்கான தண்ணீரை விட்டுக்கொடுத்துவிட்டாள். அப்போதாவது எழுந்து சொல்லியிருக்கலாம். டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

மூட்டம். தலைவலி. கல்தூணும் கம்பியும் லாரியில் வந்து இறங்கின. எதிர்க்கரையில் சித்தி, எருமைகளோடு.

வேலி போட வந்தவர் கேட்டார், "எங்கேந்து மேடம் ஆரம்பிக்கட்டும்?"

எருமைகள் இறங்கும் இடத்தைக் காட்டினேன்.