உன் பேரைச் சொல்லிவிட்டேன்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். நாம் பேசுகிற செயலியை அரசாங்கம் முடக்கியது உனக்குத் தெரியும், செய்தித் தளங்கள்கூடத் திறப்பதில்லை. தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதி, வெளிநாடு போகிற நான் வேலை செய்கிற கிளினிக்கின் பல் டாக்டரம்மாவின் தங்கையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

குட்டியைப் பார்க்காமல் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று உன் அக்கா புலம்பவும், மாப்பிள்ளைதான் முடக்கியதையெல்லாம் திருட்டுத்தனமாகத் திறக்கிற விபிஎன்னை என் போனில் போட்டுக் கொடுத்தார். அவருடைய ரிப்பேர் கடைக்கு வருகிற பாதிப் பேருக்கு அவர்தான் போட்டுக் கொடுக்கிறார். அதனால்தான் குட்டியின் முதல் பல்லைப் பார்த்தேன், நாளெல்லாம் ஊரார் வாயைப் பார்க்கிறவளுக்கு அந்த ஒற்றைப் பல்லுக்கு அழுகை வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை கிளினிக்கிலிருந்து திரும்பும்போது போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லாருடைய போனையும் வாங்கிப் பார்த்தார்கள். அந்த விபிஎன்னை எப்படி அழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அதிகாரிக்கு உன் வயதுதான் இருக்கும், மரியாதையாகத்தான் கேட்டான், "இதை யாரும்மா போட்டுக் குடுத்தது?" அக்கா நிறைமாதமாக இருக்கிறாள், மாப்பிள்ளை பேரைச் சொன்னால் கடையோடு அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். "என் பையன்தான் சார், போன தடவ வந்தப்ப போட்டுக் குடுத்தான்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவ்வளவு தூரத்தில் இருக்கிறவனை என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன். அவன் உன் முழுப் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு, "அவரு எப்ப ஊருக்கு வர்றாரு?" என்றான். அப்போதுதான் நீ வரப்போவது நினைவுக்கு வந்தது. பிரசவத்துக்கு வா வா என்று உன்னை நச்சரித்தவளே நான்தானே. தெரியாது என்றேன். போனை அவன் திருப்பித் தரவில்லை, நீ அனுப்பிய டிக்கெட் அதில்தான் இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் மட்டும் சொன்னேன். நானே போய் ஒத்துக்கொள்கிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார், பிள்ளை பிறக்கட்டும் என்று கதவை மறித்துக்கொண்டு நின்றேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தெருவில் வண்டி நின்றால் இரண்டு பேருமே பேச்சை நிறுத்திவிடுகிறோம். அக்கா எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

டிக்கெட்டை உடனே ரத்து செய். இங்கே யாருக்கும் போன் போடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, குட்டிக்குக் காதில் குளிர்காற்று படாமல் பார்த்துக்கொள். நீங்கள் மூவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அம்மாவுக்கு முடியவில்லை உடனே வா என்று யாராவது செய்தி அனுப்பினால் நம்பாதே. அது நிஜமாகவே இருந்தாலும் வராதே.

உன் அம்மா