அப்பாவின் இடது கை

1933 அக்டோபர் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. பாப்பாவுக்கு இருமல். ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் கொண்டுவந்தேனோ? இனி குளிக்காமல் தூக்கக் கூடாது.

பக்கவாதம் வந்த அப்பாவின் வலப்பக்கம் அப்படியே. மாலை போய்க் கஞ்சி ஊட்டினேன். வார்டைக் கவனிக்கும் டிரெஸ்ஸர் பார்த்துவிட்டார்.

"ஊட்டாதீங்கம்மா. இடது கையால சாப்பிட்டுப் பழகட்டும். தானா சாப்பிடாதவங்களைப் பின் வார்டுக்கு மாத்திருவாங்க. அடுத்த திங்கள் பெரிய டாக்டர் வந்து பார்ப்பாரு."

பின் வார்டு. போன கிழவர்கள் யாரும் நடந்து வெளியே வந்து நான் பார்த்ததில்லை. அத்தனை கட்டிலுக்கும் ஒரே ஆயா. அங்கே யார் ஊட்டுவார்கள்?

10, செவ்வாய்

தூறல். இட்லியைப் பிட்டு வைத்து, அப்பாவின் இடது கையை எடுத்துத் தட்டில் வைத்தேன். உருவிக்கொண்டார். வாய் குழறினாலும் புரிந்தது.

"கழுவுற கைம்மா இது."

கரண்டி கொடுத்தேன்.

"கரண்டியப் பிடிக்கிறது எந்தக் கை?"

கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். கேள்வியில் குறையே இல்லை.

பக்கத்துக் கட்டில் காதர் பாய், சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்தவர். "கிராணியாரே, எனக்குக் காலு இல்ல, உங்களுக்குக் கை இல்ல. சேத்து வச்சா ஒரு ஆளு தேறும்லா!"

அப்பா பாதி முகத்தால் சிரித்தார். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

வாங்க: மண்ணெண்ணெய், ஓமம், அப்பாவுக்குத் துண்டு.

12, வியாழன்

இந்த வார்டு ஆயா சொன்னாள், "நேத்தும் தட்டு அப்படியே திரும்பிப் போச்சுக்கா." பொறுக்கவில்லை. டிரெஸ்ஸர் அந்தப் பக்கம் போனதும் முந்தானையால் மறைத்து ஊட்டினேன். தப்புதான். பசியோடு எப்படி விட்டுவருவது?

மூளையின் இடப்பாதி வலக்கையை ஆள்கிறது. கல்லூரியில் இதைப் படம் வரைந்து பாராட்டு வாங்கியவள் நான்; அப்பாவின் இடக்கையைத் தட்டுக்குக் கொண்டுவரத் தெரியவில்லை.

வீட்டுக்கே கூட்டிவரலாமா என்று இவரிடம் கேட்டேன். "இந்த ஏணிப்படியில யாரு தூக்குறது? நான் வேலைக்குப் போனப்புறம் பாப்பாவப் பாப்பியா, மாமாவப் புரட்டிப் படுக்க வைப்பியா?" கோபமாகச் சொல்லவில்லை.

14, சனி

இருமல் குறையவில்லை. பாப்பாவைக் கீழ்வீட்டுக் கதீஜா அக்காவிடம் விட்டுப் போனேன்.

அப்பா சுவரைப் பார்த்தபடி, "நாளைக்கு வராதே."

"ஏம்ப்பா?"

"நீ பாக்கலேன்னா சாப்பிடுவேன்."

காதர் பாய் உடனே, "நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். போம்மா நீ."

15, ஞாயிறு

போகவில்லை. பார்க்கும் நேரம் முழுவதும் பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து திறந்து வாங்கினாள். சாப்பிட்டிருப்பாரா? கேட்டுவர ஆளில்லை.

16, திங்கள்

வெயில்.

அப்பாவின் கட்டிலில் வேறொருவர். காதர் பாய்தான் சொன்னார். நேற்று போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, உள்ளேயே, தட்டைக் காலி பண்ணிவிட்டாராம். இடது கையால்.

"இன்னிக்கிக் காலையில பெரிய டாக்டர், நர்ஸுங்க, எல்லாரும் சுத்தி நின்னாங்க. சாப்பிடு, சாப்பிடுன்னாங்க. மனுசன் கையத் தலகாணிக்கு அடியில வச்சவருதான். எடுக்கலையே! நேத்து சாப்பிட்டாருன்னு நானும் கத்துனேன். யாரு கேக்குறா?"

பின் வார்டு வாசல்வரை ஓடினேன். ஞாயிறு மட்டும்தான் உள்ளே விடுவார்களாம். மற்ற நாட்களில் அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள்.

சாப்பிடட்டும்.