டிரையர் பிளக்கில் செருகிய கம்ப்யூட்டர்

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி
ஞாயிறு காலை

அன்பு மகள் கார்குழலிக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தக் கனடாக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காலுக்கு உறை போட்டு, சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு அதுதான். இங்கே அப்பா, தங்கச்சி இனியா, நான் மூவரும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அதை அப்படியே எழுத மனம் வரவில்லை. படிக்கும்போது பதறாதே, எல்லாம் கடந்து எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் ஆரம்பித்தாலே நீ "சரிம்மா, பாத்துக்கறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், எழுதினால் கடைசிவரை படிப்பாய். இனியா இதைப் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவாள்.

போன வாரம் வீடியோவில் உன் மாண்ட்ரியல் அறையைச் சுற்றிக் காட்டினாய். வீட்டுக்காரர் வீட்டின் கீழ்த்தளம், தரையோடு ஒட்டிய ஒரே ஒரு சன்னல், அதுவும் பனியில் பாதி மூடிக் கிடந்தது. பக்கத்தில் துணி காய வைக்கும் டிரையருக்காகப் போட்ட பெரிய பிளக்கில் ஒரு கன்வர்ட்டர் ஒயரைச் செருகி, அதிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கரண்ட் எடுத்திருப்பதைக் காட்டிச் சிரித்தாய். மற்ற பிளக்கில் ஹீட்டரும் கம்ப்யூட்டரும் சேர்ந்தால் கரண்ட் விழுந்துவிடுகிறதாம், இதில் விழுவதே இல்லையாம். "லைன் எவ்ளோ பெருசா இருந்தா இன்னாம்மா, கம்ப்யூட்டர் தனக்கு வேணுங்கறதத்தான் எடுத்துக்கும், ஒண்ணும் ஆவாது" என்றாய். என்னால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அதே வார்த்தையை அப்பா இந்த வீட்டில் சொல்லியிருந்தார், அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று அதற்குச் சில நாட்களுக்கு முன்னால்தான் பார்த்திருந்தேன். அன்றைக்கு நான் போனைக் கையில் வாங்காமல் இனியாவையே பிடிக்கச் சொன்னதை நீ கவனித்திருக்க மாட்டாய். என் இடது கையில் கட்டுப் போட்டிருந்தது, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். இனியாவுக்கு வெளிநாட்டுப் படங்களுக்குக் கீழே எழுத்துப் போடும் வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். விடியலில் உட்கார்ந்தால் மதியத்தோடு முடிந்துவிடும். தெருச்சத்தம் வராது என்று மாடி அறையை எடுத்துக்கொண்டாள். அங்கே மேசைக்குப் பக்கத்தில், எப்போதாவது ஏசி மாட்டலாம் என்று வீடு கட்டும்போதே போட்டுவைத்த பெரிய பிளக் ஒன்றுதான் இருக்கிறது. அப்பா ஒரு கன்வர்ட்டர் பிளக்கும் மெல்லிசு ஒயர் போட்ட ஜங்ஷன் பாக்ஸும் வாங்கி வந்து, கம்ப்யூட்டரையும் மோடத்தையும் அதில் மாட்டிக் கொடுத்தார். நான் அப்போதே கேட்டேன், ஏசிக்கு ஓடுகிற கரண்ட் எல்லாம் இந்தச் சின்னப் பெட்டிக்குள் பாய்ந்துவிடாதா என்று. "டேங்க் நெறைய தண்ணி இருந்தாலும் நீ ஒரு சொம்பு வேணும்னா ஒரு சொம்புதான புடிக்கற, அது மாரிதான் செல்வி" என்றார். அவர் சொன்னபடியே மாதக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது, எனக்கும் பயம் விட்டுப்போயிற்று.

தீபாவளிக்குப் பிறகு பிடித்த மழையில் மாடி அறை மூலை ஒழுக ஆரம்பித்தது. அங்கிருந்த பீரோ நனைகிறதே என்று அப்பாவும் பக்கத்து வீட்டு அன்பழகன் தம்பியும் அதை மேசைப் பக்கம் தள்ளி வைத்தார்கள். அதன் ஒரு கால் அந்த ஒயர் மேல் உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை. உள்ளுக்குள்ளேயே நசுங்கி, சூடேறி, உறை கருகிக்கொண்டே இருந்திருக்கிறது. போன புதனுக்கு முந்தின புதன்கிழமை மதியம் இனியா வேலையை முடித்துவிட்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். நான் கீழே சங்கரா மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ கருகுகிற வாடை வந்தது. அடுப்பைப் பார்த்தேன், குழம்பு இல்லை. எதிர்வீட்டு வசந்தா குப்பை கொளுத்துகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, கரண்டில் கோளாறு என்றால் தானாக அணைந்துகொள்ளும் டிரிப்பர் சுவிட்ச் விழுந்திருக்குமே என்றுதான் என் புத்திக்குப் பட்டது. காய்ந்த துணியை எடுக்க மாடி ஏறியபோதுதான் கதவுக்கு அடியில் புகை கசிவதைக் கண்டேன்.

தட்டினேன், கத்தினேன், உள்ளே சத்தமே இல்லை. அங்கிருந்தே அன்பழகனைக் கூப்பிட்டேன். அவன் சாப்பிட்ட கையோடு மதிலைத் தாண்டி ஓடி வந்தான். "அக்கா, மொதல்ல மெயினப் புடுங்கு, தண்ணி ஊத்திடாத" என்றான். நான் இறங்கி மெயினை அணைத்துவிட்டு மேலே வருவதற்குள் தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்திருந்தான். திரைச்சீலை பிடித்து எரிந்துகொண்டிருந்தது, மெத்தையின் ஓரம் புகைந்துகொண்டிருந்தது. இனியா கண் திறக்காமல் முனகிக்கொண்டு கிடந்தாள். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான், நான் திரையைப் பிடித்து இழுத்தேன். அது நைலான் துணி, உருகி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. பிறகுதான் இருவருமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஆஸ்பத்திரியில் இனியாவுக்கு ஆக்சிஜன் வைத்து மறுநாள் அனுப்பிவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், குரல் மட்டும் இன்னும் கரகரக்கிறது. என் கை ஆறிவருகிறது.

இதில் ஒன்றைக் கேள். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே ஆகவில்லை. மேலே படிந்த கரியைத் துடைத்துக் கூடத்தில் வைத்ததும் பழையபடி ஓடுகிறது. கம்ப்யூட்டர் விஷயத்தில் அப்பா சொன்னது சரிதான், நீ சொன்னதும் சரிதான். தீப்பிடித்த அன்று தட்டாஞ்சாவடியிலிருந்து கம்பெனிச் சட்டையோடு ஓடி வந்த அப்பா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாள் சாப்பிடும்போது, "மெஷினப் பத்தியே யோசிச்சேன், நடுவுல கெடக்கற ஒயரப் பத்தி யோசிக்கல" என்றார். அந்த லைனில் இருக்கும் டிரிப்பர் ஏசியின் தடித்த ஒயருக்கென்று போட்டது, இந்த மெல்லிசு ஒயர் கருகித் தீப்பிடித்தாலும் அது தனக்கு இன்னும் தாங்கும் என்று சும்மா இருந்திருக்கிறது. இப்போது எலக்ட்ரீசியன் தணிகாசலத்தை வைத்துக் கம்ப்யூட்டருக்குத் தனி லைன் இழுத்து, அதற்கென்று சின்ன டிரிப்பர் போட்டாகிவிட்டது. அப்பாவிடம் நீ இதைத் தோண்டித் தோண்டிக் கேட்காதே, மனுஷன் ஏற்கெனவே பாதியாகிவிட்டார்.

உன் ஒயரை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. அது தடித்ததா, மெல்லிசா? அந்தக் கன்வர்ட்டரில் தனியாக ஃபியூஸோ டிரிப்பரோ இருக்கிறதா? கட்டில் காலுக்குக் கீழே, கதவிடுக்கில் எங்காவது மாட்டியிருக்கிறதா? வீட்டுக்காரருக்கு நீ இப்படி எடுத்திருப்பது தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே சொல், விஷயம் தெரிந்த ஆளை வரவழைத்துக் கம்ப்யூட்டருக்கு முறையாக ஒரு லைன் போடச் சொல். ஹீட்டர் போட்டால் கரண்ட் விழுகிறது என்று அலுத்துக்கொள்கிறாயே, அப்படி விழுவதுதான் நல்லது பாப்பா, விழாமல் இருப்பதுதான் எனக்குப் பயம். லைன் சரியாகும்வரை அந்த ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய் வேலை செய், நாலு பேர் இருக்கும் இடமாகவும் இருக்கும். தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைப் பெட்டியின் பேட்டரியைக் கழற்றிவிட்டதாகச் சொன்னாய், அதையும் திரும்பப் போடு. கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இனியா கண் விழித்ததும் மெதுவாகக் கேட்டாள், "ஏம்மா, அரத் தூக்கத்துல கேட்டுச்சு, கதவத் தட்டும்போது அக்கா பேரச் சொல்லி எதுக்குக் கத்தின?" எனக்கு நினைவே இல்லை. அன்பழகனைக் கேட்டேன், "ஆமாக்கா, குழலி குழலின்னுதான் கத்தின" என்றான். உள்ளே படுத்திருந்தவள் இனியா என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் கதவைத் தட்ட நான் இருந்தேன், இடிக்க அன்பழகன் இருந்தான். உன் கதவை யார் தட்டுவார்கள்?

மணக்குள விநாயகர் உனக்குத் துணையிருக்கட்டும். படிப்பிலும் வேலையிலும் உயர்ந்து, உடம்பும் மனசும் சுகமாக நீ நெடுநாள் வாழ வேண்டும். பிடுங்கிய ஒயரைப் போட்டோ எடுத்து அனுப்பு, அது வரும்வரை போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்புசெல்வி