கை சுடும் டம்ளர்

அக்கா,

இன்று காலை எஸ்டேட் கேண்டீனுக்கு வர்க்கி பிஸ்கட் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, மஸ்டர் களத்தில் பெயர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அன்றன்றைக்கு யாருக்கு வேலை என்று மேஸ்திரி சொல்கிற அதே களம்தான். உங்கள் சிலோன் சனங்கள் அதைப் பெரட்டு என்பார்கள். இப்போது கூப்பிடுகிற மேஸ்திரி யார் தெரியுமா? நம் தெய்வானையின் மகன். மேல் லைன் வீடுகளில் தொடங்கி வரிசையாகக் கூப்பிட்டான். கடைசி லைனுக்கு வருவதற்குள் வேலை தீர்ந்துவிட்டது. அந்த லைனில் இப்போது குடியிருப்பவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். புத்னி என்று ஒரு பெண், மாட்டிய கூடையைக் கழற்றாமலே திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறி உங்கள் அலுமினிய டம்ளரைத் தேடி எடுத்தேன். முகர்ந்தால் இன்னும் பாலில்லாத சாயத் தேத்தண்ணி வாசம் வருகிறது. இத்தனை வருஷம் கழித்து வாசம் எப்படி இருக்கும் என்கிறாள் என் வீட்டுக்காரி. அவளுக்கு மூக்கு சரியில்லை.

நீங்கள் இந்த மலைக்கு வந்தபோது குன்னூர் ஏலத்தில் தேயிலையைச் சீந்த ஆளில்லை. எஸ்டேட்டுகளில் வேலை பாதியாகிவிட்டது. வேலை குறைந்ததும் உள்ளூர்க்காரர், சிலோன்காரர் என்று குழாயடியில் மண்டை உடைந்தது. சண்டையை நிறுத்த எஸ்டேட்காரர்கள் உங்களை ஆலோசகர் என்று வரவழைத்தார்கள். பிறப்பையும் ஊரையும் சொல்லி ஒதுக்குகிறவர்களையும் ஒதுக்கப்பட்டவர்களையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைப்பதுதான் உங்கள் தொழில். நீங்களே சிலோன் லயத்தில், அதாவது அங்கத்து லைன் வீட்டில், பிறந்து இங்கே திருப்பி அனுப்பப்பட்டவர். நானோ மேட்டுப்பாளையத்துக்காரன், ஐந்தாம் வகுப்பு. குன்னூர் ஸ்டேஷனில் உங்கள் பையைத் தூக்க வந்தவன், ரயில் அருவங்காடு தாண்டுவதற்குள் நானும் ஆலோசகராகிவிட்டேன். "தம்பி, கூட வாங்க. பேசாம மட்டும் இருங்க" என்றீர்கள். அதை நான் இன்றுவரை ஒரு பட்டமாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் கூட்டத்துக்கு மேனேஜர் வட்டமாக நாற்காலி போட்டுவைத்தார். மேஸ்திரியும் மேல் லைன்காரர்களும் உட்கார்ந்தார்கள். கடைசி லைன் சிலோன் பெண்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார்கள். நீங்கள் எல்லா நாற்காலியையும் வெளியே போடச் சொன்னீர்கள். நான் ஒரே கையில் நான்கைத் தூக்கினேன். அடுப்பில் தேத்தண்ணி கொதித்ததும் இந்த டம்ளரில் ஊற்றி நடுவில் வைத்துச் சட்டம் சொன்னீர்கள். டம்ளர் யார் கையிலோ அவர் மட்டும் பேசலாம். அடுத்து வாங்குகிறவர், முன்னால் பேசியவர் சொன்னதை ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன் பேச்சைத் தொடங்க வேண்டும்.

மேஸ்திரி முந்திக்கொண்டார். "எல்லாரும் ஒண்ணுதானுங்க. இங்க மேல கீழன்னு எதுவும்..." கை சுட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன விரல்களால் கடைசி லைன் தெய்வானை அதை எடுத்தாள். மேஸ்திரி சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். பிறகு தன் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஐயா, செடி கவ்வாத்து வெட்டவும் மருந்து அடிக்கவும் எங்களத்தான் தேடுறீங்க. பெரட்டுல மட்டும் எங்க லயத்துப் பேரு கடைசி. வேலை இல்லன்னா நாங்கதான் திரும்பிப் போறோம். ஏன்னு கேட்டா, அகதிக்கு இது போதும்னு சொன்னீங்க. எங்க தாத்தா இந்த நாட்டுல இருந்துதானே கப்பல் ஏறுனாரு. நான் எப்பிடி அகதி? இன்னைக்கு எம்புள்ளைக்குச் சோறு இல்ல."

தேத்தண்ணி ஆறும்வரை பேசினாள். வேலிக்கு வெளியே ஒரு காட்டெருமைக் கூட்டமே நின்று கேட்டது. "ஒரு மாடுதானே தம்பி நின்னுச்சு" என்பீர்கள். உங்களுக்கு முதுகுப் பக்கம், அக்கா. நான்தான் பார்த்தேன்.

டம்ளர் மேஸ்திரியிடம் திரும்பியது. "அந்தம்மா சொல்றது, கவ்வாத்துக்குத் தேடறோமாம், பேரு கடைசியில வருதாம், புள்ளைக்குச் சோறில்லையாம்..."

"ஒண்ண முழுங்கிட்டீங்க மேஸ்திரி" என்றது ஒரு குரல்.

"என்னத்த?"

"அகதின்னு சொன்னத."

மேஸ்திரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். நீங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அவசரமில்ல. அதுவும் ஆறிப்போச்சு. சூடா வேற ஊத்தட்டுங்களா?" என்றீர்கள்.

"வேண்டாமுங்க" என்றார் மேஸ்திரி. "அகதிக்கு இது போதும்னு நாந்தான் சொன்னனுங்க." பிறகு யாரும் கேட்காமலே, "நாளைக்குக் கீழ லைன்ல இருந்து கூப்புடறேன்" என்றார்.

கூப்பிட்டார். அதிலிருந்து ஒரு நாள் மேலிருந்து, ஒரு நாள் கீழிருந்து.

மேனேஜருக்குத்தான் பொறுக்கவில்லை. "உங்களைப் பேசவைக்கத்தான் கூப்பிட்டோம். வரிசையை மாற்ற இல்லை" என்றார்.

"எதுவும் மாறாம பேச்சு மட்டும் வேணும்னா ரேடியோ வாங்கி வையுங்க சார்" என்றீர்கள். அதைச் சொன்னது நான் என்றுதான் பெர்ன்ஹில் வரைக்கும் பேச்சு. நீங்களா இருக்கிறீர்கள் மறுக்க?

அப்புறம் எந்த எஸ்டேட்டும் நம்மைக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று நாம்தான் விட்டோம் என்பதே என் கட்சி.

சாயங்காலம் தெய்வானையின் மகனைப் போய்ப் பார்த்தேன். இப்போதும் விலை இல்லை, வேலை இல்லை என்று அழுதான்.

"நாளைக்கு மஸ்டருக்கு வர்றேன், மாப்ளே. கடைசி லைன் பத்திப் பேசணும்" என்றேன்.

"உங்கள யாரு மாமா கூப்பிட்டா?"

"யாரும் கூப்புடல. அதான் வர்றேன்."

"அவுங்க வெளியூர்க்காரங்க, மாமா. நம்ம ஆளுங்களா?"

உள்ளே காது கேளாதவள்போல் படுத்திருந்த தெய்வானை எழுந்து உட்கார்ந்தாள். என்னிடம் மட்டும் கேட்டாள். "அந்த டம்ளரு இருக்கா?"

இருக்கிறது அக்கா. புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். நாளை தேத்தண்ணி போடப்போகிறவள் தெய்வானை. இந்தியைத் தமிழாக்கப்போகிறவன் நான். எனக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. புத்னி சொல்வதைத் தெய்வானையின் மகன் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லியாக வேண்டும். அவன் கை செல்போன் பிடித்துப் பழகியது. புத்னியின் காய்த்த விரல்களைக் காலையிலேயே பார்த்துவிட்டேன். ஆறும்வரை பிடிப்பாள்.