முப்பது கிலோ சீஸ்

மார்ச் 4, திங்கள்

இன்றிலிருந்து பகல் தூக்கம் கிடையாது. பன்னிரண்டு மணிக்கு ஊரே கதவடைத்துக் குறட்டை விட்டபோது நான் மரவள்ளி மாவு சலித்தேன். பேருந்து நிலையத்தில் கடை வைத்திருக்கும் கனூத்தோ, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துப் புதன்கிழமைக்கு, மரவள்ளி மாவில் சீஸ் பிசைந்து சுடும் எங்கள் சிப்பா ரொட்டி ஆயிரத்து இருநூறு கேட்டிருக்கிறார். அது நன்றாக அமைந்தால் வருடம் முழுக்க தினமும் அறுநூறு. தலைநகர் ஆசுன்சியோன் போகும் பேருந்துகளில் கூடையோடு ஏறி இறங்கித் தேய்ந்த என் முழங்காலுக்கு விடிவுகாலம்.

வானொலியில் ஒரு தொழிலதிபர், நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்குகிறவன் உருப்பட மாட்டான் என்றார். இரவு பத்துக்குப் படுத்தால் எனக்கு விடிவது இரண்டு மணிக்கு. மத்தியானத் தூக்கத்தைக் கழித்தால் சரியாக நாலு.

பதினோரு வருடமாக என்னோடு மாவு பிசையும் நிமியா மட்டும் வழக்கம்போலக் கயிற்று ஊஞ்சலில் நீட்டிவிட்டாள். "அக்கா, மத்தியானம் தூங்காதவங்களைத் தங்கமுடிக் குள்ளன் காட்டுக்குள்ள இழுத்துட்டுப் போயிருவான். ஆனா உங்களை இழுக்குறது அவனுக்குக் கஷ்டம்தான், கனம் ஜாஸ்தி."

என் கனத்தைப் பற்றி இவளுக்கு என்ன கவலை?

மார்ச் 9

கண்ணில் மண் அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். முன்னேற்றம் என்றால் எரியத்தான் செய்யும் போல.

மார்ச் 15

மாதிரிக்குக் கொடுத்த ரொட்டியைத் தின்றுவிட்டுக் கனூத்தோ சொன்னார், "சுனில்டா, உன் கைப்பக்குவம் அப்படியே இருக்கே." கேட்டுக்கொள் என்று நிமியாவைப் பார்த்தேன். அவள் அடுத்த தட்டு மாவுக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் அடுப்பில் வைக்கும் முன் ஒவ்வொரு தட்டிலும் மாவைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். பதினோரு வருடத்துக்கு அப்புறம் என்னைச் சோதிக்கிறாளா?

மார்ச் 24, ஞாயிறு

சீஸைக் காணோம். புதன்கிழமை ரொட்டிக்காக நேற்று வந்த முப்பது கிலோ, இரண்டு மூட்டை. வீடு முழுக்கப் புரட்டிப் போட்டுவிட்டேன்.

"நீங்கதானே அக்கா தூக்கிட்டுப் போனீங்க" என்கிறாள் நிமியா.

"அப்ப நான் தின்னுட்டேனா?"

"கொஞ்ச நேரம் படுங்க. எந்திரிச்சா ஞாபகம் வரும்."

படுக்கச் சொன்னதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. எங்கள் ரொட்டியை விற்கும் கூடைக்காரப் பெண்கள் மூன்று பேரும் நிற்கும்போதே சொன்னேன் — திருடி என்று. அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போகட்டும். ஆள் கிடைக்காமலா போய்விடும்?

மார்ச் 25

புதிதாக முப்பது கிலோ வாங்கினேன். காலையில் போன மூன்று கூடையும் திரும்பி வந்துவிட்டன. ஒரே உப்பாம். நானும் ஒன்றைக் கடித்தேன், நாக்கு சுருண்டது. ஒரு தடவைதான் போட்டேன். ஒரு தடவைதானே போட்டேன்?

மார்ச் 26, செவ்வாய்

எழுத்து கோணுகிறது, பரவாயில்லை.

எங்களிடம் மண் அடுப்பு இரண்டு. பின்பக்கத்து அடுப்பை இந்த வாரம் மட்டும்தான் மூட்டுவோம். இருட்டோடு போய், குனிந்துகூடப் பார்க்காமல் அதன் வாயில் விறகைத் திணித்துப் பற்றவைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடுப்பு வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ வழிந்தது. சொர்ரென்று சத்தம், தீய்ந்த பால் நாற்றம். நாய்தான் முதலில் ஓடி வந்தது.

நாய். சனிக்கிழமை இந்த நாய் மூட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தது. இதற்கு எட்டாத இடம் என்று அடுப்பின் உள்ளே, கடைசி வரை தள்ளி வைத்தது நான். நானேதான். இரண்டு நடை நடந்து வைத்திருக்கிறேன். பாதி எரிந்த சாக்கில் என் முடிச்சு அப்படியே இருக்கிறது.

ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான். பதினோரு வருஷம். ஒரே வார்த்தையில.

அதே நாள், சாயங்காலம்

நிமியா வீட்டுக்குப் போனபோது மணி பன்னிரண்டரை. எங்கள் ஊரில் வாசலில் நின்று கைதட்டித்தான் கூப்பிட வேண்டும். தூங்கும் நேரத்தில் கைதட்டுகிறவள் மனுஷியே இல்லை. இரண்டரை வரை வெயிலில் நின்றேன்.

அவளே வெளியே வந்தாள். அடுப்புக் கதையைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இந்த மூணு வாரத்துல ஆறு தடவை ரெண்டு மடங்கு உப்பு போட்டீங்க. நான்தான் புது மாவு சேர்த்துச் சேர்த்துச் சரி பண்ணேன். கனூத்தோ தின்ன ரொட்டியும் அப்படித்தான்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னேனே. தலையாட்டுனீங்க. கண்ணு திறந்துதான் இருந்துச்சு அக்கா. நீங்கதான் தூங்கிட்டிருந்தீங்க."

நான் விழித்திருந்ததால் தொழில் நடக்கிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் தூங்கி எழுந்ததால் நடந்திருக்கிறது.

"நாளைக்கு ரொட்டி போயாகணும்" என்றேன்.

"வர்றேன். ஆனா அந்த வார்த்தையை எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் திருப்பி எடுங்க. இப்பப் போய்ப் படுங்க. நான் கூப்பிடுற வரைக்கும் மாவுப் பக்கம் வராதீங்க."

மார்ச் 27, புதன்

கூடைக்காரப் பெண்கள் முன்னால் சொல்லிவிட்டேன். ஆயிரத்து இருநூறும் கனூத்தோவிடம் போய்ச் சேர்ந்தது. அதில் எழுநூறு வேகும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் நம்ப முடியவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

தினமும் அறுநூறுக்கான ஒப்பந்தத்தில் என் பெயருக்குக் கீழே நிமியா பெயரும் இருக்கிறது. கையெழுத்துக்கு மத்தியானம் ஒரு மணிக்கு வருவதாகக் கனூத்தோ காலையில் ஆள் அனுப்பினாராம். "அக்கா தூங்குவாங்க, மூணு மணிக்கு மேல வரச் சொல்லுங்க" என்று நிமியா சொல்லிவிட்டிருக்கிறாள். எழுந்த பிறகுதான் எனக்கே தெரியும். போச்சு, இந்த மனிதர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்று வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன்.

மூன்றேகாலுக்கு வந்தார். அவர் கன்னத்தில் தலையணைக் கோடு.