வெளிக்கேட்டில் கிடந்த செருப்பு

வெள்ளிக்கிழமை, இரவு.

தாத்தாவின் அரண்மனையை நானும் தம்பியும் விடுமுறை வீடுகளாக்கிய பிறகு யார் யாரோ வந்து தங்குகிறார்கள். இன்று மாடி வீட்டுக்குத் திருமங்கலத்திலிருந்து ஒரு வங்கி அதிகாரி தன் அம்மாவோடு வந்தாள். அந்த அம்மா முன்பு எங்கள் வயலில் நடவு நட்டவராம். வெளிக்கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்.

“போட்டுட்டு வாம்மா. இது நாம புக் பண்ணுன வீடு.”

“போடி, உனக்கென்ன தெரியும்? இந்தக் கேட்டத் தாண்டி நாங்க என்னைக்குச் செருப்புப் போட்டோம்?”

மகள் என்னைப் பார்த்தாள். ‘போட்டுக்கொண்டு வாங்கம்மா’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சாவியை நீட்டினேன். அவர் வெறுங்காலோடு சரளைக்கல்லில் நடந்தது எனக்கு விநோதமாகவே படவில்லை. நிலவுடைமையும் சாதியும் பற்றி ஆய்வேடு எழுதியவள் நான்.

மாலையில், நாய் தூக்கிக்கொண்டு போய்விடுமே என்று செருப்பை எடுக்கப் போனேன். குனிந்தேன். கை நீளவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, இதை மாடியில் வச்சிருங்க.”

“நீங்க போங்க தாயி, நான் எடுத்துட்டுப் போறேன்.”

நிமிர்ந்தபோது மாடி பால்கனியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.